கழுத்தில் கோடு போட்ட ராணிகள்

என் பிழைப்பு கெட்ட பெண்களை வரைவது. கைபேசியில் விளையாடுகிற விளையாட்டுகளுக்கு வில்லிகள் நிறையத் தேவைப்படுகிறார்கள். மருமகனுக்கு விஷம் வைக்கும் மகாராணி, மூழ்கிய கப்பல்களுக்கெல்லாம் சொந்தம் கொண்டாடும் கடலடிக் கிழவி, பனைமரத்தில் குடியிருக்கும் யட்சி, பாலைவனத்து ஜின்களைக் கட்டி மேய்ப்பவள். நாவலூரில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே இவர்களை வரைந்து அனுப்புகிறேன். பதினான்கு வருஷமாக இதுதான் வேலை. நல்ல பெண்ணாக ஒருத்தியை வரையச் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

பள்ளிக்கூட நாளிலேயே அப்படித்தான். ராஜா ராணிக் கதை படித்தால் நல்ல ராணி மேல் எனக்கு எரிச்சல் வரும். ஜன்னலோரம் நிற்பாள், காத்திருப்பாள், எவனாவது தூக்கிக்கொண்டு போனால் போவாள், எவனாவது மீட்டு வந்தால் வருவாள். கெட்டவளுக்குத்தான் காலையில் எழுந்தால் தலைக்கு மேல் வேலை. சேனையைப் பார்க்க வேண்டும், மந்திரம் படிக்க வேண்டும், விஷம் காய்ச்ச வேண்டும், ஒற்றர்களைத் திட்ட வேண்டும். புராணத்து அரக்கிகளும் அப்படியே. ஒரு அரக்கியாவது சும்மா உட்கார்ந்திருந்ததாக நான் படித்ததில்லை. நோட்டின் பின்பக்கமெல்லாம் கோரைப்பல்லும் கிரீடமுமாக அவர்களை வரைந்து தள்ளினேன். டீச்சர் அடித்தார்கள். அடிக்கும்போது அவர்கள் மூக்கு விடைப்பதைக் கவனித்து வைத்துக்கொண்டு அதையும் வரைந்தேன்.

இப்போதும் ஆட்களை வெளியிலிருந்துதான் எடுக்கிறேன். கடலடிக் கிழவி இடுப்பில் கை வைத்து நிற்பது, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா, பேரம் பேசுகிறவளிடம் "போய்கினே இரு" என்று சொல்லும்போது நிற்கிற நிலை. யட்சியின் கழுத்துத் திருப்பம், பீச் போகும் ரயிலில் லேடீஸ் பெட்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டில் நாலாவதாக இடம் கேட்டால் ஓரத்துக்காரி திரும்புவாளே, அது. இதெல்லாம் விளையாடுகிறவர்களுக்குத் தெரியாது. எந்த ஊரிலோ எவனோ ஒருவன் விரலால் தட்டித் தட்டித் தாம்பரத்து மீன்காரம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் மவுத்தானார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் சீட்டுக்கு உறை தைத்து மாட்டும் கடை வைத்திருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒரு காருக்குப் புதிதாகப் போட்ட உறை சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இறங்கவில்லை. நாற்பத்தாறு வயது. பத்து நாள் கழித்து அந்தக் காரின் சொந்தக்காரர் மனைவியோடு துக்கம் விசாரிக்க வந்தார். அவர் கீழேயே நின்றுகொண்டார். மனைவி மட்டும் மேலே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி அந்தக் காரை ஓட்ட மனசு வராது, விற்கப்போகிறோம் என்றார். "சீட் கவர் சரியா உக்காந்துச்சா?" என்று கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எங்களில் புருஷன் மவுத்தானால் மனைவி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நகை நட்டு, பளபளப்பான துணி எதுவும் கிடையாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து, ஓடியாடி இருந்த பொண்ணு எப்படி அடைஞ்சு கிடக்கப்போகுதோ என்று கவலைப்பட்டார்கள். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. எனக்கு எதுவுமே கஷ்டமாக இல்லை. அதுதான் கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. அந்த வருஷ மழையில் முடிச்சூர் பக்கம் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அப்படியா என்றேன். ஏர்போர்ஸ் விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனால் பாத்திரம் அதிரும். அதிர்ந்துவிட்டு நின்றுவிடும்.

வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமி என் மாமியார். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன, மாடிப்படி இறங்கினால் ஏற இரண்டு பேர் வேண்டும். மாமிக்கு இவர் ஒரே பிள்ளை. எங்களுக்குக் குழந்தை இல்லை. மூன்றாம் நாள் கபுரில் போய் ஓதும் ஜியாரத்துக்கு மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த என் அண்ணன், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு சொன்னான்.

"இத்தா முடியற அன்னைக்கு வண்டி எடுத்துட்டு வரேன். நம்ம வீட்டுக்கு வந்துடு. உனக்குன்னு தனி ரூம் போட்டுத் தரேன். பெரிய டேபிள். கதவ சாத்திட்டு நீ பாட்டுக்கு வரை, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சரி என்றேன். மாமி பக்கத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. நான் போய்விட்டால் மாமிக்கு யாரும் இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். மாமியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நாலு மாசம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. அந்த இடத்தில் நினைப்பு என்ற ஒன்றே ஓடவில்லை.

அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு வரை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மாமியோடு எனக்கு இருந்த ஒரே இழுபறி உருவப் படம்தான். உயிருள்ளதன் உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார்கள் வரமாட்டார்கள் என்பதில் மாமி உறுதி. ஆனால் மாமி நியாயஸ்தர். தலை வேறு உடம்பு வேறு என்று ஆகிவிட்டால் அது முழு உருவம் இல்லை, கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும் என்பார். பிஸ்கட் பாக்கெட், பவுடர் டப்பா, ஜவுளிக்கடைப் பை, எதில் மூஞ்சி இருந்தாலும் மாமியின் பேனா போய்க் கழுத்தில் கோடு போட்டுவிடும். என் வீட்டுக்காரரின் ஐந்தாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் ஒரு ராஜாவுக்கும் தலை ஒட்டியிருக்கவில்லையாம். வாத்தியார் கூப்பிட்டு, வீட்டில் யாருக்கு ராஜாக்கள் மேல் இவ்வளவு கோபம் என்று கேட்டாராம்.

கல்யாணமாகி வந்த வாரமே மாமி என்னிடம் பேசிவிட்டார். "வரைஞ்சிக்கோ. தொழிலுன்னா தொழிலுதான். ஆனா என் வூட்டுக்குள்ள முழு உருவமா எதுவும் நிக்கக் கூடாது." அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரில் படம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள்தான். ஒரு தாளில் உடம்பு, ஒரு தாளில் நகை, ஒரு தாளில் நிழல். எல்லாவற்றுக்கும் மேலே நான் ஒரு தாள் வைத்து, அதில் கழுத்துக்குக் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு போட்டேன். அந்தத் தாளுக்கு 'மாமி' என்று பெயர். வேலை தொடங்கும்போதே கோடு வந்துவிடும். கம்பெனிக்கு அனுப்பும் நிமிஷம் மட்டும் அந்தத் தாளை மறைத்துவிட்டு அனுப்புவேன். அனுப்பியதும் திரும்ப வைத்துவிடுவேன். மாமி ஒரு நாளும் திரைப் பக்கம் வந்து பார்த்ததில்லை, கோடு இருக்கிறதா என்று கேட்டதும் இல்லை. நம்பினார். நானும் ஏமாற்றவில்லை. "எங்கம்மா வெட்டினத விட நீ வெட்டின தலைதான் ஜாஸ்தி" என்று மச்சான் சிரிப்பார். அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் போன பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை. வந்தவர்களிடம் 'அவரு' என்றேன், 'இவங்க' என்றேன், 'வீட்டுல' என்றேன். எப்படியோ அந்தச் சொல்லைத் தொடாமல் ஓட்டினேன்.

அழவும் இல்லை. ஜனாஸாவை வீட்டிலிருந்து தூக்கும்போது அழவில்லை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கும் அழவில்லை. பல்லாவரத்திலிருந்து வந்த சொந்தக்காரம்மா ஒருவர் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "பதினாலு வருசம் வாழ்ந்துகினு, ஒரு சொட்டு தண்ணி கண்ணுல இல்ல. கல்லாட்டம் உக்காந்துகினு கீறா." எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் சொன்னது சரிதானே என்று பட்டது. எழுந்து போய் அவருக்கு இன்னொரு டீ வைத்துக் கொடுத்தேன்.

மாமி யாரிடமும் என்னைப் பற்றிப் பேசவில்லை. என்னிடமே கேட்டுவிடுவார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நாற்காலியில் சாய்ந்ததும், சாப்பிட்டியா என்று கேட்கிற குரலில் கேட்பார்.

"இன்னிக்கு அழுதியா?"

"இல்ல மாமி."

"சரி."

அவ்வளவுதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்பக் கேட்பார். ஒரு நாள் மட்டும் சரி என்பதோடு நிறுத்தவில்லை. "அழாம போறவளுக்கு இந்த வூட்டுல இன்னா கீது, திரும்பி வரதுக்கு?" என்றார். திட்டுகிற குரல் இல்லை. அவருக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது. மேடவாக்கம் என்ன சீமையா மாமி, வாரத்துக்கு ஒரு தடவை வருவேனே என்று சொல்லியிருக்கலாம். மாமி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு மணியை உருட்ட ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை அப்படியே நடு வீட்டில் விட்டுவிட்டு நான் உள்ளே போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஒன்றரை மாசத்தில் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கம்பெனியில் லீவு எடுங்கள் என்றுதான் சொன்னார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு ராணிகள், எல்லாரும் வில்லிகள், ஒரே தொகுப்பாக வேண்டும். டீம் லீட் என்னை விட ஆறேழு வயது சின்னவர், அக்கா என்பார். முன்பெல்லாம் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவார். இத்தா என்று தெரிந்த பிறகு குரல் செய்தியாக அனுப்புவார், நான் எழுத்தில் பதில் போடுவேன். விளக்கம் கேட்கவில்லை, அவராகவே அப்படி மாற்றிக்கொண்டார். நல்ல மனுஷன்.

முதலில் அனுப்பிய மூன்று ராணிகளும் திரும்பி வந்தார்கள். "அக்கா, நகை சூப்பர், துணி சூப்பர். ஆனா இவங்க வில்லிக்கா. மூஞ்சில கோபமே இல்லியே. புருவத்த கொஞ்சம் தூக்கி வுடுங்களேன்." தூக்கினேன். வில்லிக்குப் புருவம் எங்கே ஏற வேண்டும், உதடு எந்தப் பக்கம் கோண வேண்டும் என்று என் கைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் புருவம் ஏறியது, முகம் ஏறவில்லை. ஒப்பனை போட்டு வாசலில் நிற்க வைத்த மாதிரி நின்றார்கள். திரும்பவும் வந்தார்கள். மறுபடி தூக்கினேன். மூன்றாம் தடவை லீட்டே தயங்கினார். "அக்கா, உடம்பு முடியலன்னா சொல்லுங்க, வேற யாருக்காச்சும் குடுத்துடலாம்."

நாலாவது ராணி சாம்பல் ராணி. தன் ஊரைத் தானே எரித்துவிட்டு அந்தச் சாம்பலிலேயே குடித்தனம் நடத்துகிறவள் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவளுக்குப் புருவத்தைத் தூக்கவில்லை. தூக்கி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. உதட்டையும் கோணவில்லை. கண் இரண்டையும் திறந்தபடி விட்டேன், எதையும் பார்க்காத கண். தலைமுடியில் சாம்பல். ஒரு கை மடியில், ஒரு கை கீழே. சிங்காசனம் வேண்டாம் என்று ஒரு சாதா மர ஸ்டூலில் உட்கார வைத்தேன். மொத்தம் அரை நாள் வேலை. அனுப்பிவிட்டுப் போய் அரிசி களைந்தேன்.

சாயங்காலம் லீட்டின் குரல் செய்தி வந்தது. "அக்கா, இன்னாக்கா இது. கத்தல, மொறைக்கல, சும்மா உக்காந்துகினு கீறா. பக்கத்துல போவவே பயமா கீது. இதான்க்கா. மத்த பதினோரு பேருக்கும் இதே மூஞ்சி குடுங்க."

கொடுத்தேன். விஷ ராணி, யட்சி, கடலடிக் கிழவி, ஜின்களின் தலைவி, ஒருத்திக்கும் முகத்தில் ஒன்றும் இல்லை. நகை மாறியது, ஆயுதம் மாறியது, முகம் அதேதான். எந்த முகத்தைப் பார்த்து வரைகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. கண்ணாடி பார்க்கும் வழக்கம் போய்விட்டது. பார்த்திருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

எல்லாம் அனுப்ப வேண்டிய நாளில் வீட்டில் யாஸீன் ஓத நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். ஓதி முடித்து ஃபாத்திஹா வரும் வரைக்கும் உள்ளறையில் இருந்து அனுப்பிவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு படங்களையும் வரிசையாகத் தேர்ந்து அனுப்பினேன். கூடத்துக்குப் போனேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், படுத்தேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. 'மாமி' தாளை மறைக்கவில்லை. பன்னிரண்டு ராணிகளும் கழுத்தில் கறுப்புக் கோட்டோடு நாவலூர் போய், அங்கிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர் கைக்கே போயிருப்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவை நடக்காத தப்பு. பழைய நாளாக இருந்தால் வாயில் நுரையோடு ஓடியிருப்பேன். நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டு வந்து, மன்னிக்கவும், கழுத்தில் ஒரு கோடு வந்திருக்கும், எடுத்துவிட்டு மறுபடி அனுப்புகிறேன் என்று தட்டி அனுப்பினேன்.

அன்றைக்கு மாமிக்கு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. கையெல்லாம் எண்ணெய். முழங்கையால் தட்டியதில் செய்தி சத்தமாகவே பேச ஆரம்பித்துவிட்டது.

"எடுக்காதீங்கக்கா. தயவுசெஞ்சு எடுக்காதீங்க. கிளையண்ட்டு அந்த கோட்ட பாத்துட்டு ஆடிப் போயிட்டாரு. கழுத்து வெட்டுப்பட்டு திரும்பி வந்த ராணிங்கன்னு கதையவே மாத்தி எழுத சொல்லிட்டாங்க. அந்தக் கழுத்துக் கோடு யாரு ஐடியான்னு பாஸ் கேக்குறாரு. இன்னா சொல்லட்டும்?"

மாமி என் கையைத் தன் முழங்காலிலிருந்து எடுத்துவிட்டார். "கழுத்துக் கோடா? என் கோடா?"

நடந்ததைச் சொன்னேன். தாள், மறைப்பது, இந்தத் தடவை மறந்தது, எல்லாம். மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை மவுத்தான பிறகு முதல் தடவை. "எழுது அவனுக்கு. மேக்குத் தாம்பரத்துல ஒரு கெழவி ஐடியான்னு எழுது." சிரிப்பு நின்றதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், சிரித்ததே தப்பு என்பது மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி சிரிக்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தா முடிய ஒரு நாள் இருந்தது. மறுநாள் காலையில் என்னைக் குளிக்க வைத்து, அண்ணன் கொண்டுவரும் புதுச் சேலையைக் கட்டி அனுப்புவதாகப் பேச்சு. என் துணிமணிகளை நானே இரண்டு பைகளில் எடுத்து வைத்திருந்தேன். மாமி பைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார், அந்த முழங்காலோடு. மதியம் லுஹர் தொழுதுவிட்டு என் மேஜைக்கு வந்து, பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காட்டு அந்தப் பொம்பளைங்கள."

"எதுக்கு மாமி?"

"கோடு கீதில்ல. அப்புறம் இன்னா? நீ நாளைக்குப் போயிடுவ. என் மருமவ இன்னாதான் பண்ணினு இருந்தான்னு நான் பாக்க வாணாமா?"

ஒவ்வொருத்தியாகக் காட்டினேன். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். விஷ ராணியைப் பார்த்து, "இவ்ளோ நகைய மாட்டிகினு இவ எப்புடி கைய தூக்கி விஷம் ஊத்துவா?" என்றார். கடலடிக் கிழவி இடுப்பில் கை வைத்திருப்பதைப் பார்த்ததும், "ஏய், இது மீன்காரி" என்றார். அதை இதுவரை கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். யட்சியின் ரவிக்கை சரியில்லை என்றார். ஜின்களின் தலைவியிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருந்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்தது என்றார்.

அடுத்தது சாம்பல் ராணி.

மாமி பார்த்தார். நான் அடுத்த படத்துக்குப் போகப் போனேன், என் கை மேல் கை வைத்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு ரொம்பக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"இவளுக்கு யாரு மவுத்து?"

"யாரும் இல்ல மாமி. இவ கெட்டவ. ஊரையே எரிச்சவ."

"அது நீங்க எழுதிகின கத. நான் மூஞ்சியக் கேக்குறேன். இவ வூட்டுல யாரோ மவுத்தாயி இன்னும் தூக்கவே இல்ல. மய்யித்து உள்ளயே கீது. யாரு?"

திரையைப் பார்த்தேன். ஐம்பது தடவை பார்த்த படம். மர ஸ்டூல், மடியில் ஒரு கை, எதையும் பார்க்காத கண். இரண்டரை மாசமாக நாவலூரில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர், எல்லோரும் பார்த்துப் பயந்த முகம். மாமி ஒருவர்தான் அதைப் பார்த்து யார் செத்தது என்று கேட்டார்.

"மச்சான்" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அது அழுகைதானா என்று எனக்கே சந்தேகம். இருமல் மாதிரி இருந்தது. எனக்கு மச்சான் வேண்டும் என்று இருந்தது. சட்டையில் ரெக்சின் வாசனையோடு வந்து கதவைத் தட்ட வேண்டும், இன்னிக்கு எத்தன தலை வெட்டின என்று கேட்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு மச்சான் மச்சான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

மாமி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. முதுகைத் தடவிக் கொடுக்கவும் இல்லை. அழவும் இல்லை. நான் ஓய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மேஜையைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

"குடி" என்றார். குடித்தேன்.

"நாளைக்கு உங்க அண்ணன் வந்தா நீ கெளம்பு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அங்க கதவ சாத்திகினு, எனக்குப் பயப்படாம வரையலாம். இங்க கெழவி கூட குந்திகினு இன்னாத்துக்கு நீயும் பேஜார் படணும்? என் புள்ளைக்காக ஒரு தபா அழுதுட்ட. எனக்கு அது போதும். நீ போ."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நாற்காலி அவர் இழுத்துப் போட்ட இடத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். மேடவாக்கம் சிக்னலில் கூட்டம் சேரும் முன் கிளம்பிவிட வேண்டும் என்றான். புதுச் சேலை ரெடி, அண்ணி நேற்றே என் அறையைக் கழுவி விட்டிருக்கிறாள், வண்டியில் மேஜை கொள்ளாது, அதற்குத் தனியாக ஆட்டோ சொல்லியிருக்கிறேன் என்றான்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

"சேலைய குடுத்துட்டு போ. நான் வரலண்ணா."

"ஏன், மாமி விட மாட்டேன்றாங்களா? போனை அவங்ககிட்ட குடு, நான் பேசறேன்."

மாமியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். மணியை உருட்டும் விரல் நின்றிருந்தது.

"'போ'ன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றேன். "அதான் போக முடியல."